தனித்தட்டு

மேற்கு வாசல் தெருவில் தனித்தட்டில் போட்ட சோறு ஊசிப்போக ஆரம்பித்தது, பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் கோமளவல்லி சூடான்காரர் கடையில் உட்கார்ந்து எனக்கு மட்டும் தனித்தட்டு வேண்டும் என்று கேட்ட மத்தியானத்தில்தான் என்று தெருவில் பாதிப்பேர் சொல்வார்கள். இல்லவே இல்லை, அதற்கு முந்தின நாளே மூலை மெஸ்ஸில் ஒருத்தர் தட்டில் சாம்பார் சாதம் நுரைத்துப் பொங்கியதை என் கண்ணால் பார்த்தேன் என்று மீதிப்பேர் சொல்வார்கள். எது சரி என்று ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது, பால் திரிந்தால் திரிந்ததுதான், பசுவை நிற்கவைத்து விசாரிப்பதில் பிரயோசனம் இல்லை.

கோமளவல்லி சுத்தக்காரி. சுத்தக்காரி என்றால் வீட்டைப் பெருக்கித் துடைக்கிற சுத்தம் இல்லை, அதற்கெல்லாம் ஆள் வைத்திருந்தாள். இவளுடையது எச்சில் சுத்தம். ஐம்பது தாண்டியவள், புருஷன் போய்விட்டார், மகன் கனடாவில் இருக்கிறான், மாடி வீட்டில் தனியாள். உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பாள், வேறொருவர் வாய்வைத்த டம்ளரை இடுக்கியால் எடுப்பாள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கினால் துகள் தன் இலைக்குத் தெறித்ததா என்று குனிந்து பார்ப்பாள், பெற்ற பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது மிச்சம் வைத்த பருப்புசாதத்தைக்கூட ஒரு வாய் தின்றதில்லை, கொல்லையில் நாய்க்கு வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியவள். ஊரில் அதைக் குறையாகவும் சொல்லவில்லை. பொம்பளை எப்படி இருக்கிறாள் பார், கண்ணாடி மாதிரி என்றுதான் சொன்னார்கள்.

அப்படிப்பட்டவள் சூடான்காரர் கடைக்கு எப்படிப் போனாள் என்றால், ஹுதா என்ற பெண் கூப்பிட்டதால் போனாள். சூடானிலிருந்து பயிர் நோய் படிக்க வந்து, நாலைந்து மழைக்காலம் இங்கேயே நனைந்து, முனைவர் பட்டம் முடித்த பெண். அவர்கள் ஊர் வழக்கப்படி நல்லது நடந்தால் அதில் கைவைத்த அத்தனை பேருக்கும் சோறு போட வேண்டுமாம், ஒருத்தரை விட்டாலும் பாவமாம். முத்திரை குத்தியவர், கையெழுத்துக்கு அலைந்தவர், கையெழுத்துப் போட்ட கோமளவல்லி எல்லோரையும் கூப்பிட்டாள். ஒருநாள் அடைமழையில் தொப்பலாக வந்து நின்றவளுக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்தாள் என்பதற்காக, ஆபீஸ் பெருக்குகிற பவுனுவையும் கூப்பிட்டாள்.

கடை பழைய சைக்கிள் கடையாக இருந்த இடம். இத்ரீஸ் வேளாண்மை படிக்க வந்தவன், ஊரில் சண்டை மூண்டு திரும்ப வழியில்லாமல் மனைவி ஆமினாவை இங்கே வரவழைத்துக்கொண்டு, சுவருக்கு நீலம் அடித்து, உயரம் குறைந்த நாலு மேசை போட்டு, கடை வைத்தான். மொச்சை மாதிரி ஒரு கொட்டையை ராத்திரி முழுக்க வேகவைத்து மசித்து நல்லெண்ணெய் ஊற்றித் தருவார்கள், அதற்கு ஃபூல் என்று பேர். சோளமாவைக் கிண்டிக் குன்று மாதிரி கவிழ்த்த களி, அதற்கு அசீதா என்று பேர். அந்தக் குன்றைச் சுற்றிலும், காய்ந்த வெண்டைக்காயைப் பொடித்துப் போட்ட கறிக்குழம்பை வழவழவென்று ஊற்றி, அகலமான ஒரு தாம்பாளத்தில் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டால், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து நாலு கையாலும் அதே தாம்பாளத்தில் தின்ன வேண்டியது. தட்டு என்கிற பேச்சே அங்கே கிடையாது.

இத்ரீஸ் கெண்டியைச் சாய்த்து ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் வார்த்தான். கோமளவல்லி உட்கார்ந்த தாம்பாளத்தில் ஹுதா, ஆபீஸ் உதவியாளர் தேசிங்கு, நாலாவதாக எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்று ஹுதா கையைப் பிடித்து இழுத்ததும் முந்தானையில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த பவுனு. தேசிங்கு முதல் கவளத்தை எடுத்தான். குழம்பு அவன் விரலுக்கும் தாம்பாளத்துக்கும் நடுவே நூல் நூலாக இழுத்தது, அந்த நூலோடு கை வாய்க்குப் போனது, வாய் கணுவரை மூடியது, சப்பியது, ஈரத்தோடு வெளியே வந்த கை மறுபடி களிக்குள் இறங்கியது. எதிர்ப்பக்கத்தில், காலையில் கக்கூஸ் கழுவிய கை இறங்கியது. கோமளவல்லி கழுவிய கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். எனக்குத் தனித்தட்டு வேண்டும் என்றாள்.

இத்ரீஸுக்குப் புரியவில்லை. ஹுதா அவர்கள் பாஷையில் இரண்டுதரம் தாழ்ந்த குரலில் சொன்னாள். ஆமினா உள்ளே போய், நோயாளிக்குக் கொண்டுவருகிற முகத்தோடு ஒரு தட்டைக் கொண்டுவந்து, அதே களியில் ஒரு பங்கை வெட்டிவைத்து, அதே குழம்பை ஊற்றினாள். கோமளவல்லி விரலை வைக்குமுன் தட்டு நுரைத்தது. களியின்மேல் பச்சையாகப் பூஞ்சை ரோமம் கிளம்பியது, குழம்பு திரிந்து தண்ணீர் தனியே பிரிந்தது, பீரோவுக்குப் பின்னால் எலி செத்த நாற்றம் எழுந்தது, நடுவிலிருந்து ஒரு புழு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. இத்ரீஸ் மன்னிப்புக் கேட்டு வேறு தட்டு வைத்தான், அதுவும் அப்படியே ஆயிற்று. தாம்பாளத்தில் இருந்தது மட்டும் ஆவி பறக்க, நல்லெண்ணெய் வாசத்தோடு, அப்படியே இருந்தது. தேசிங்கு தன் கையை முகர்ந்து பார்த்தான், பிறகு பசி தாங்காமல் தொடர்ந்து சாப்பிட்டான். பவுனு தலை நிமிரவில்லை.

அன்று சாயங்காலமே தெரு முழுக்கப் பிடித்துக்கொண்டது. இலைக்கு வந்த இட்லி கொழகொழத்தது, பார்சல் பிரியாணி பொட்டலத்துக்குள்ளேயே கருத்தது, தனியாக உரித்த வாழைப்பழம் உரித்த கையிலேயே அழுகி மணிக்கட்டில் வடிந்தது, இளநீர் ஒன்றுதான் ஏதோ புண்ணியத்தில் தப்பியது. மூன்றாம் நாளுக்குள் எல்லோருக்கும் சட்டம் பிடிபட்டுவிட்டது: சோற்றில் இன்னொருவர் கை இருக்க வேண்டும், அந்தக் கை அதே சோற்றில் ஒரு வாயாவது தின்ற கையாக இருக்க வேண்டும், சாப்பிட்டு முடிகிறவரை, வாய்க்குப் போய்வருகிற நேரம் தவிர, தட்டை விட்டு எடுபடக் கூடாது. அவ்வளவுதான். பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் சோற்றைக் குப்பியில் அடைத்துக் கொண்டுபோய் என்னென்னவோ பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பி வந்து அவர்களும் ஜோடி தேடினார்கள்.

ஊர் என்ன, வெள்ளம் வந்தால் கட்டிலைத் தூக்கிச் செங்கல்மேல் வைத்துக்கொள்கிற ஊர். சோறு ஊசினால் வாழத் தெரியாதா. வாடகைப் பாத்திரக் கடைகளில் தாம்பாளம் ஒன்று மிச்சமில்லாமல் போயிற்று. மெஸ்காரர்கள் பெஞ்சுகளைத் தூக்கி வெளியே போட்டுவிட்டுப் பாய் விரித்தார்கள். வாய்ப்பேச்சு நின்றுபோன புருஷன் பெண்டாட்டிகள் முறைத்துக்கொண்டே ஒரே தட்டில் தயிர்சாதம் தின்றார்கள், மாமியாருக்குக் காய்ச்சல் வந்தால் மருமகள் முதல் ஆளாக டாக்டரைக் கூப்பிட்டாள், சாப்பிடும்போது செல்போன் பார்க்கிற பழக்கம் போயிற்று, ஏனென்றால் பார்த்துக்கொண்டிருந்தால் எதிராளி கறித்துண்டை எடுத்துவிடுவான். விடுதிப் பையன்களுக்குக் கொண்டாட்டம். ஒரு வாரம் போனதும் இது எப்போதும் இப்படித்தான் இருந்தது என்பது போல ஆகிவிட்டது.

அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்ல நாக்கு கூசுகிறது, இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். கை கழுவுவதற்கு முன்னால் பேர் கேட்டார்கள். பேருக்கு அப்புறம் ஊர் கேட்டார்கள், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள், குலசாமி எது என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அப்புறம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, தாம்பாளங்கள் தானாகப் பிரிந்துவிட்டன. இந்த மெஸ் இவர்களுக்கு, அந்த மெஸ் அவர்களுக்கு. உள்ளே நுழைந்தவனை ஒரு பார்வை பார்த்து, இங்கே இடமில்லை தம்பி, பக்கத்தில் பாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள், சொன்ன வாயில் சோறு இருந்தது. படித்த ஜனம், பல்கலைக்கழகத்து வாசல், ஒவ்வொரு வீட்டிலும் சட்டம் போட்ட பட்டம் தொங்குகிறது. சீ, ஊசிப்போன களியின் நாற்றமாவது மூக்கைப் பொத்தினால் நிற்கும். எந்தத் தாம்பாளத்திலும் கூப்பிடாதவர்கள் எல்லாம் இத்ரீஸ் கடைக்குப் போனார்கள், அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை, தாம்பாளம் கீழே இருக்கும்போது வாசலில் நிழல் தெரிந்தால் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும், கூப்பிடாமல் தின்றால் வீட்டுக்கே இழுக்கு என்பது அவர்கள் வழக்கம்.

கோமளவல்லி இதற்கெல்லாம் நடுவில் பட்டினி கிடந்தாள். தனித்தட்டு ஊசுகிறது, பிறத்தியார் தட்டு குமட்டுகிறது, பின்னே எதைத் தின்பது. இளநீரைக் குடித்துக்கொண்டு முதலில் காக்காயை நம்பினாள். காக்காய் என்றால் முன்னோர், முன்னோருக்கு ஏது எச்சில் என்று அவளே தனக்கு ஒரு நியாயம் செய்துகொண்டு, மொட்டைமாடியில் பருப்புசாதத்தை வைத்து, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்த காக்காயைப் பார்த்துக் கும்பிட்டு, அது வந்து கொத்தியதும் தானும் அவசரமாகக் கைவைத்தாள். காக்காய் ஒரு வாயோடு பறந்துபோயிற்று. அவள் கையிலிருந்த கவளம் வாய்க்கு அருகில் வந்து புழுத்தது. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண்மணி பார்த்துவிட்டாள். காக்காயின் காலைப் பிடித்துத் தட்டில் அழுத்திக்கொண்டிருந்தாளாம், பெரிய பதவியில் இருக்கிற அம்மாள்.

அப்புறம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி லோகாம்பாள் சந்தோஷப்பட்டு, வாங்க வாங்க, நாம் ஒரே ரத்தம்தானே என்று தாம்பாளத்தை எடுத்து வைத்தாள். லோகாம்பாள் ரசத்தைப் பிசைந்து உள்ளங்கையில் ஏந்தி முழங்கை வரைக்கும் வழியவிட்டு, வழிந்ததை நாக்கால் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பாக நக்கி, அந்த நாக்கின் சூடு ஆறுமுன் அந்தக் கையால் நாத்தனார் பக்கத்துக்கு ஒரு பிடி சோற்றைப் பாசமாகத் தள்ளினாள். கோமளவல்லி கொல்லைக்கு ஓடி, வெறும் வயிற்றை வாந்தி எடுத்துவிட்டு, அப்படியே கொல்லைக் கதவு வழியாக வீடு திரும்பினாள்.

கடைசியாக, அவளுடைய சொந்தங்கள் மட்டும் சேர்ந்து நடத்திய தாம்பாளத்துக்கு, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வீட்டு மாடிக்குப் போனாள். வாசலிலேயே வரவேற்றார்கள், நம்ம பொண்ணு என்றார்கள், வேறு யாரும் இங்கே மேலே ஏற முடியாது, பயப்படாமல் சாப்பிடலாம் என்றார்கள். பேராசிரியரின் மீசையில் மோர்க்குழம்பு தோய்ந்து சொட்டுச் சொட்டாகத் தாம்பாளத்துக்கே திரும்பி வந்தது. இடப்பக்கம் இருந்தவருக்குச் சுண்டுவிரலில் வளர்த்த நகம், அதன் இடுக்கில் நேற்றைய ஏதோ ஒன்று. வலப்பக்கத்து அம்மாள் முருங்கைக்காயைச் சப்பிச் சக்கையைப் பொதுச்சோற்றின் ஓரத்திலேயே குவித்தாள், குவித்துக்கொண்டே, நல்லவேளை, நமக்குள்ளே என்பதால் அருவருப்பு இல்லை என்று சொன்னாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். கோமளவல்லி கை கழுவிய ஈரம் காயாமலே எழுந்தாள். நம்மவர் பிறத்தியார் என்று அவள் குடலுக்குப் பேதம் தெரியவில்லை, அதுவரைக்கும் அது நேர்மையான குடல்தான்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அவளுக்கு மானம், குலம், கல்வி என்று வரிசையாக ஒன்பதும் பறந்தது, இந்தப் பாழாய்ப்போன அருவருப்பு மட்டும் பறக்கவில்லை. கன்னம் ஒட்டியது, ஜாக்கெட் தொளதொளத்தது, நாற்காலியிலிருந்து எழுந்தால் சுவர் சாய்ந்தது. தேசிங்கு பரிதாபப்பட்டு, மேடம், நான் ஓரமாக ஒரு வாய் எடுத்துக்கொண்டு சும்மா கையை மட்டும் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தான். கண்ணை மூடினால் அவன் விரலில் இழுத்த நூல்தான் தெரிந்தது. டாக்டர் வீட்டுக்கு வந்து இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, இந்த வாரத்துக்குள் ஏதாவது உள்ளே போகாவிட்டால் மகனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். யாரோடாவது சாப்பிடு, இல்லாவிட்டால் சாவு. விஷயம் அவ்வளவுக்கு வந்துவிட்டது.

மறுநாள் ஆபீஸ் போகிறேன் என்று கிளம்பியவளைக் கால்கள் பாதி வழியில் திருப்பின. மத்தியானக் கூட்டம் ஓய்ந்து கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம். இத்ரீஸ் சந்தைக்குப் போயிருந்தான். உள்மேசையில் ஆமினாவும், ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு வந்த பவுனுவும் ஒரு தாம்பாளத்தில் அசீதா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குத் தமிழ் அரைகுறை, இன்னொருத்திக்கு அரபு ஒரு சொல் தெரியாது, இருந்தும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நிழல் தெரிந்ததும் ஆமினா நிமிர்ந்தாள்.

"தஃபத்தலீ. வா அம்மா. உக்காரு."

வலக்கையைத் தாம்பாளத்தில் வைத்தபடியே, பக்கத்திலிருந்த கெண்டியை இடக்கையால் எடுத்து, கோமளவல்லியின் கையில் தண்ணீர் வார்த்து, துணியால் துடைத்துவிட்டு, தோளைத் தொட்டு உட்காரவைத்தாள். ஆவி பறந்தது. நல்லெண்ணெய் வாசம் மூக்கிலேறி மண்டையைப் பிளந்தது. குழம்பில் இரண்டு பேருடைய விரல் போன தடம் வாய்க்கால் மாதிரி தெரிந்தது, பார்த்தாள், பார்த்தும் குமட்டவில்லை. வாயில் எச்சில் ஊறியது, அவளுடைய சொந்த எச்சில், அத்தனை நாளைக்கு அப்புறம். அப்பாடா, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். பாதகமில்லை, பவுனுவோடு உட்கார்ந்தே சாப்பிட்டுவிடலாம், நாளைக்கு நாலுபேர் இதைப் பெருமையாகக்கூடச் சொல்வார்கள் என்றும் நினைத்தாள். கை தாம்பாளத்துக்குள் இறங்கியது.

பவுனு தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க சாப்புடுங்கம்மா. எனக்குப் போதும்."

பாதிக் களி அப்படியே இருந்தது. கோமளவல்லி பெருந்தன்மையாகச் சிரித்து, சும்மா சாப்பிடு பவுனு, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்றாள்.

"நீங்க நெனைக்க மாட்டீங்க. எனக்குத்தான் முடியல. உங்க கை பட்ட சோறு எறங்காதும்மா. அருவருப்பா இருக்கு."

பவுனு கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சிலருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்பதைச் சொல்கிற மாதிரி, கொஞ்சம் சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னாள். வருஷா வருஷம் தீபாவளிக்கு ஸ்வீட் கொடுக்கும்போது பொட்டலத்தை மேசைமேல் வைத்து மர அளவுகோலால் தள்ளிவிடுவீர்கள், தள்ளிவிட்டு அந்த அளவுகோலையும் துடைப்பீர்கள், பிள்ளைகளுக்காக வாங்கிக்கொண்டு போவேன், நான் மட்டும் அதில் ஒரு துண்டு தின்றதில்லை, வாய்க்குக் கொண்டுபோனால் அந்தக் கை ஞாபகம் வந்துவிடும், குமட்டும் என்றாள். அளவுகோலால் தள்ளுவது எப்படி என்று ஆமினாவுக்காக மேசைமேல் விரலால் ஒருமுறை தள்ளிக் காட்டினாள், துடைப்பதையும் காட்டினாள். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவினாள். கழுவியதை இன்னொருதரம் கழுவினாள். ஆமினாவின் முதுகைத் தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கோமளவல்லி எழுந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். முகம் எரிந்தது, காது அடைத்தது, எந்த மனுஷியாக இருந்தாலும் அந்த இடத்தில் எழுந்திருப்பாள். கை எழுந்திருக்கவில்லை. அது களியை வெட்டிக் குழம்பில் புரட்டி வாய்க்கு எடுத்துவந்தது, வாய் திறந்தது, சோறு தொண்டையில் சூடாக இறங்கியது, அதற்கப்புறம் யார் சொல்லியும் நிற்கிற கதையாக இல்லை. அள்ளினாள், சப்பினாள், மணிக்கட்டில் வழிந்ததை நக்கினாள், முகவாயில் நூலாகத் தொங்கியதைப் புறங்கையால் வழித்து அதையும் உள்ளே தள்ளினாள், மூக்கு ஒழுகியது, பவுனு சாப்பிட்டுவிட்டுப் போன பக்கத்தையும் சுரண்டினாள், நாய் தண்ணீர் குடிக்கிற சத்தம் அந்த வெறுங்கடையில் தெருவரைக்கும் கேட்டது.

ஆமினா அதற்குமேல் ஒரு வாய் எடுக்கவில்லை. கையை எடுத்துவிட்டால் விருந்தாளியின் சோறு புழுத்துவிடும், வீட்டுக்கு வந்தவளைப் பாதியில் எழுப்புவது அவர்கள் ஊரில் ஆகாத காரியம். அதனால் சுண்டுவிரல் நுனியை மட்டும் தாம்பாளத்து விளிம்பில் வைத்துக்கொண்டு, உடம்பைச் சுற்றியிருந்த துணியின் முனையால் மூக்கையும் வாயையும் மூடி, முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோமளவல்லி அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அடுத்த கவளத்தை உருட்டினாள்.